ஆர்கானிக்: உறுப்பா, உயிரா, கரியா?

ஆர்கானிக் – பெயரடை. செயற்கை உரமும் செயற்கைப் பூச்சிக்கொல்லியும் போடாமல், மண்ணிலும் செடியிலும் வாழும் உயிர்களை அவற்றின் வேலையைச் செய்யவிட்டு நடத்தும் வேளாண்மை, தோட்டக்கலை. அப்படி விளைந்த பொருள். தமிழில் வழங்கும் ஈடுகள்: இயற்கை, உயிர்ம, அங்கக, கரிம, சேதன.

ஒரு சொல்லுக்கு ஐந்து ஈடுகள் இருப்பதைச் சொல்வளம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இவை ஒரே பொருளை ஐந்து விதமாகச் சொல்பவை அல்ல. மூலச்சொல் நெடுந்தூரம் நடந்து வந்தது. ஒவ்வொரு தமிழாக்கமும் அந்த வழியில் வெவ்வேறு இடத்தில் அதைப் பிடித்திருக்கிறது. எது எங்கே பிடித்தது என்று தெரிந்தால்தான் எதைத் தோட்டத்துக்கு எடுத்துக்கொள்வது, எதை வேதியியல் வகுப்பிலேயே விட்டுவிடுவது என்று முடிவுசெய்யலாம்.

கிரேக்கத்தில் 'ஆர்கனான்' என்றால் கருவி. வேலை என்று பொருள்படும் 'எர்கான்' அதன் உறவுக்காரச் சொல். தச்சன் கையில் இருப்பதும் ஆர்கனான், இசைக்கருவியும் ஆர்கனான். தேவாலயத்தில் ஒலிக்கும் ஆர்கன் அந்தப் பெயரை இன்னும் விடவில்லை. உடல் தன் காரியத்தை நடத்திக்கொள்ளும் கருவிகள் என்ற முறையில் பிறகு கண், கை, ஈரல் எல்லாமே அந்தப் பெயருக்குள் வந்தன. இந்தப் பொருள் நகர்வு நமக்குப் புதிதல்ல. சைவ சித்தாந்தத்தில் 'கருவி கரணங்கள்' என்று வரும்போது யாரும் உளியையும் சுத்தியலையும் நினைப்பதில்லை. பொறிகளும் புலன்களும் மனமும்தான் அங்கே கருவிகள். கருவி உறுப்பாகி, உறுப்புகள் ஒன்றுசேர்ந்து இயங்கும் முழு உடலையும் குறிக்கும் அளவுக்குச் சொல் வளர்ந்தது. தோட்டத்துக்கு வேண்டிய பொருள் ஏறக்குறைய இங்கேயே கிடைத்துவிடுகிறது. நடுவில் வேதியியல் குறுக்கிடாமல் இருந்திருந்தால் இவ்வளவு குழப்பம் வந்திருக்காது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ், உயிர்களிலிருந்து கிடைக்கும் பொருள்களை ஒரு பக்கமும் கல், உப்பு, உலோகம் போன்றவற்றை மறுபக்கமும் வைத்துப் பேசினார். முதல் பக்கத்துக்கு ஆர்கானிக் என்று பெயர். அந்தப் பொருள்களை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்க முடியாது, அதற்கென்று ஓர் உயிராற்றல் வேண்டும் என்ற நம்பிக்கை அப்போது வலுவாக இருந்தது. 1828இல் ஜெர்மானியரான வோலர், அம்மோனியம் சயனேட்டிலிருந்து, சிறுநீரகத்தின் துணையே இல்லாமல், சிறுநீரில் இருக்கும் ஒரு பொருளை உண்டாக்கிக் காட்டினார். அதுதான் யூரியா. உயிர் என்ற அளவுகோல் அதோடு ஆட்டம் கண்டது. வேதியியலில் ஆர்கானிக் என்பது காலப்போக்கில் கார்பன் சேர்மங்களைக் குறிக்கும் பெயராகிவிட்டது.

ஆகவே ஒரு வேதியியலாளரைக் கேட்டால் யூரியா சந்தேகமே இல்லாத ஆர்கானிக் சேர்மம். டிடிடி என்ற செயற்கைப் பூச்சிக்கொல்லியும் அப்படித்தான். மறுபக்கம், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை என்ற பூஞ்சணக்கொல்லியில் கார்பனுக்கு வேலையே இல்லை. கந்தகத்தூள் வெறும் தனிமம். இந்த இரண்டையும் கட்டுப்பாட்டோடு பயன்படுத்த அமெரிக்க, ஐரோப்பிய ஆர்கானிக் விதிகள் இடம் தருகின்றன. தொழிற்சாலை யூரியாவுக்குக் கதவு அடைப்பு. 'கரிம வேளாண்மை' என்று எழுதுபவர்கள் இந்த இடத்தில் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. கரிம வேதியியல் சரி. மண்ணின் கரிமச்சத்து என்பதும் சரி, அங்கே அளப்பது கார்பனைத்தான். கரிமத் தோட்டம், கரிமக் காய்கறி என்றெல்லாம் எழுதுவது அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டியதன் விளைவு. செயற்கை உரம் போட்டு வளர்த்த கத்தரிக்காயும் கரிமப் பொருள்தானே!

வேளாண்மைக்குள் இந்தச் சொல் வந்த வழியே வேறு. 'ஆர்கானிக் வேளாண்மை' என்ற தொடரை 1940இல் வந்த தன் நூலில் பரப்பியவராக இங்கிலாந்தின் நார்த்போர்ன் பிரபுவைச் சொல்வார்கள். பண்ணை முழுவதும் ஓர் உடல். மண், பயிர், கால்நடை, மனிதர் எல்லாம் அதன் உறுப்புகள் என்பது அவர் பார்வை. உரத்தில் கார்பன் இருக்கிறதா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. அமெரிக்காவில் பதிப்பாளர் ரோடேல் 1942இல் தொடங்கிய இதழ் 'ஆர்கானிக்' என்பதைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டது. பண்ணைக்காரர்களைவிட வீட்டுத்தோட்டக்காரர்கள்தான் அந்தச் சொல்லை அதிகம் பிடித்துக்கொண்டார்கள்.

இருவருக்கும் முன்னோடி என்று சொல்லத்தக்கவர் ஆல்பர்ட் ஹோவர்ட். 1905இல் இந்தியாவுக்கு வந்த இந்த ஆங்கிலேயத் தாவரவியலாளர் பூச்சிகளையும் பூஞ்சணங்களையும் தன் பேராசிரியர்களாகவே கருதினார். நோய் வந்த பயிர், தான் வளர்க்கப்பட்ட முறையில் எங்கோ பிழை இருக்கிறது என்று சொல்கிறது. அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்தபோது அவர் வகுத்த மட்குமுறைக்கு அந்த ஊரின் பெயரே நிலைத்தது. சருகும் பயிர்க்கழிவும் ஓர் அடுக்கு, சாணம் ஓர் அடுக்கு, சாம்பலும் சிறுநீர் ஊறிய மண்ணும் மேலே. காற்றும் ஈரமும் குறையாமல் பார்த்து, குறிப்பிட்ட இடைவெளியில் புரட்டிவிட வேண்டும். காய்ந்த சருகில் கார்பன் மிகுதி, சாணத்தில் நைட்ரஜன் மிகுதி. குவியலில் இவை ஏறக்குறைய 30க்கு 1 என்ற விகிதத்தில் அமைந்துவிட்டால் நுண்ணுயிர்கள் மளமளவென்று பெருகும். சில நாட்களில் உள்ளே 60 பாகை செல்சியசையும் தாண்டும். கையை விட்டால் சுடும். களைவிதைகளில் பெரும்பாலானவை அந்தச் சூட்டிலேயே செத்துப்போகும். மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பித் தரவேண்டும் என்று ஹோவர்ட் வலியுறுத்திய விதியின் செயல்முறைதான் இந்தக் குவியல். ஆனால் அவர் தன் முறைக்கு எந்தத் தத்துவப் பெயரும் தேடி அலையவில்லை. பெயரில் வரும் சண்டையெல்லாம் பின்னால் வந்தவர்களுடையது.

உடல் என்ற கருத்தைத் தோட்டத்தில் நேரில் பார்க்கலாம். அவரைக்கொடியின் நுனியில், சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி அப்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விரல் பட்டால் பிசுபிசுக்கும். அந்த இனிப்புக் கழிவுக்காக எறும்புகள் ஏறி இறங்கும். அது படிந்த இலைகளில் கரும்பூசணம் படரும். இன்னும் கிட்டப் போனால் சில அசுவினிகள் மட்டும் அசையாமல் உப்பி, பழுப்பேறிக் காய்ந்திருக்கும். முதுகில் குண்டூசி முனையளவு வட்டத்துளை. உள்ளேயே வளர்ந்து அதைத் தின்று முடித்த ஒட்டுண்ணிக் குளவி வெளியேறிய வாசல் அது. பக்கத்திலேயே கருநிறத்தில், ஆரஞ்சுப் புள்ளிகளோடு, குட்டி முதலை போல ஒன்று ஊர்ந்தால் அது பொறிவண்டின் புழுப்பருவம். அசுவினியைத் தின்னத்தான் வந்திருக்கிறது. இலையைத் தின்ன வந்த புழு என்று நினைத்து நசுக்கிவிடுபவர்கள்தான் அதிகம்.

இந்த நேரத்தில் வேப்பெண்ணெய் தெளித்தால் விதிப்படி அது ஆர்கானிக்தான். தெளிப்பு மேலே பட்டால் பொறிவண்டுப் புழுவை அது விட்டுவைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அசுவினியை உதிர்த்துவிட்டு, அசுவினிக்குக் காவல் நிற்கும் எறும்புகள் ஏறும் வழியையும் மறித்துவிட்டால், குளவியும் பொறிவண்டும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது வழியில் போகிறவர் உறுப்புகளைத் தெரிந்துவைத்திருக்கிறார். முதல் வழியில் போகிறவர் டப்பாவை மட்டும் மாற்றியிருக்கிறார். சான்றிதழ் இருவருக்கும் ஒன்றுதான் என்பது வேறு விஷயம்.

இனி மற்ற தமிழாக்கங்கள்.

சேதன: இலங்கைத் தமிழில் இது ஊறிப்போன சொல். சேதன இரசாயனம், அசேதன இரசாயனம் என்று பாடநூலிலும், சேதனப் பசளை என்று வயலிலும் வழங்குகிறது. 2021இல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, அதே ஆண்டில் பின்வாங்கியபோது இந்தச் சொல் எல்லார் வாயிலும் புகுந்து புறப்பட்டது. தத்துவத்தில் சேதனம் அறிவுடையது, அசேதனம் சடம். அந்த வழியில் பார்த்தால் சேதனப் பசளை என்பது 'அறிவுள்ள உரம்' ஆகிவிடும். நூல் பிடித்துப் பார்க்காதவரை இதனால் கெடுதல் ஒன்றுமில்லை. அங்கே நிலைபெற்றுவிட்ட சொல்லை மாற்றச் சொல்வதும் தேவையற்ற வேலை.

அங்கக: தமிழக அரசின் சான்றளிப்புத் துறையின் பெயரிலேயே 'அங்ககச் சான்றளிப்பு' இருக்கிறது. வடசொல் என்று பலர் இதை ஒதுக்குகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், ஐந்தில் மூலச்சொல்லுக்கு மிக நெருங்கிய சொல் இதுதான். அங்கம் என்றால் உறுப்பு; நார்த்போர்ன் சொன்ன உடல் அப்படியே இதில் இருக்கிறது. ஆனால் கேட்பவர் மனத்தில் அது எதையும் எழுப்புவதில்லை. அங்ககத் தக்காளி என்று எழுதிவைத்தால் ஏதோ புது ரகம் என்றுதான் நினைப்பார்கள்.

இயற்கை: மக்கள் ஏற்றுக்கொண்ட சொல் இதுவே. தமிழ்நாட்டில் 'இயற்கை வேளாண்மை' என்பதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் முதன்மையானவர் நம்மாழ்வார் (1938–2013). பேச்சில் இதை வெல்ல வேறு சொல் வரப்போவதில்லை. கறாராகப் பார்த்தால் மட்டும் இரண்டு சிக்கல்கள். இயற்கைக்கு எதிர்ச்சொல் செயற்கை. செயலால் ஆனது செயற்கை. விதைப்பதும் பாத்தி கட்டுவதும் செயல்தானே? செயலைக் குறைத்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று பார்த்தவர் ஜப்பானிய உழவர் ஃபுகுவோகா. உழவில்லை, உரமில்லை, களையெடுப்பில்லை, பூச்சிக்கொல்லி இல்லை என்பவை அவருடைய கொள்கைகள். ஜப்பானிய மொழியில் அதற்கு 'ஷிசென் நோஹோ', அதாவது இயற்கை வேளாண்முறை. ஆர்கானிக்குக்கு அங்கே 'யூகி' என்ற வேறு சொல் இருக்கிறது. நாம் இரண்டையும் இயற்கை என்றே சொல்லிவிடுவதால், மட்குக்குவியலைப் புரட்டி வியர்வை சிந்துபவரும், வைக்கோலைப் பரப்பிவிட்டு ஒதுங்கி நிற்பவரும் ஒரே பெயருக்குள் அடைபடுகிறார்கள். இரண்டாவது சிக்கல், இயற்கையாகக் கிடைப்பதெல்லாம் ஆர்கானிக் விதிகளுக்கு உடன்பாடானது அல்ல. புகையிலையைவிட இயற்கையான பொருள் உண்டா? அமெரிக்க ஆர்கானிக் விதிகளில் புகையிலைத் தூளுக்குத் தடை. அதிலுள்ள நிகோட்டின் பூச்சியை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொல்லும் நஞ்சல்ல.

மூலச்சொல்லின் வேரை அப்படியே பெயர்த்துத்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயமும் நமக்கு இல்லை. பிரெஞ்சு மொழியில் 'பியோலோஜிக்', இத்தாலியத்தில் 'பியோலோஜிகோ': இரண்டுக்கும் வேர் உயிர். ஸ்பானிய மொழியில் 'எகோலோஹிகோ', டேனிய மொழியில் 'ஓகோலோகிஸ்க்': இவற்றின் அடியில் இருப்பது வீடு என்று பொருள்படும் 'ஓய்கோஸ்' என்ற கிரேக்கச் சொல். 1866இல் ஜெர்மானிய உயிரியலாளர் ஹெக்கல் சூழலியலுக்குப் பெயர் வைத்தபோது எடுத்த வேர் அது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தில் இத்தனை சொற்களும் ஆர்கானிக்குக்குச் சமமானவை. ஒருவர் உறுப்பைப் பிடித்தார், ஒருவர் உயிரை, ஒருவர் வீட்டை.

உயிரைப் பிடித்த தமிழ்ச் சொல் உயிர்ம. ஐந்தில் என் தேர்வு இதுதான். மண்புழுவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிவரை வேலை செய்பவர்கள் எல்லாரும் உயிர்கள். யூரியாவுக்கும் டிடிடிக்கும் இதில் நுழைய வழியில்லை. ஃபுகுவோகா முறையோடும் முட்டிக்கொள்ளாது. குறையும் உண்டு. ரைசோபியம், அசோஸ்பைரில்லம் போன்ற நுண்ணுயிர்களைப் பெருக்கித் தருவது 'உயிர் உரம்'. மட்கு, தொழுவுரம், பிண்ணாக்கு வகையறா 'உயிர்ம உரம்'. நடுவே ஒரு மகரம்தான் வேறுபாடு, அதை அச்சுக்கோப்பவர் விட்டுவிட்டால் பொருளே மாறிவிடும். முதலாவதை 'நுண்ணுயிர் உரம்' என்று முழுசாக எழுதிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

எழுதும்போது: உயிர்ம வேளாண்மை, உயிர்ம உரம், உயிர்மத் தோட்டம், உயிர்மச் சான்று என்று, வல்லினம் வருமிடத்தில் ஒற்று மிகுத்து எழுதுக. மேடையிலும் பேச்சிலும் இயற்கை தாராளமாக இருக்கட்டும். உழாமல், களையெடுக்காமல் செய்யும் முறையைக் குறிக்கும்போது இயற்கை மட்டுமே பொருந்தும். சட்டம் காக்கும் முத்திரையைப் பற்றிப் பேசும்போது, பொட்டலத்தின்மேல் அச்சாகியிருக்கும் 'ஆர்கானிக்' என்பதை மேற்கோள் குறிக்குள் அப்படியே விட்டுவிடலாம். அது அந்த இடத்தில் ஒரு முத்திரைப் பெயர்.