இரண்டு கோடு விழுந்தால் முட்டை வெடித்துவிட்டதா?

அந்தப் பெண் ஒரு நோட்டை மேசைமேல் விரித்து வைத்தார். பக்கத்துக்குப் பக்கம் தேதி போட்டு, முட்டை வெடிக்கும் நாளைச் சிறுநீரில் பார்க்கும் பரிசோதனைப் பட்டைகளை டேப் வைத்து ஒட்டியிருந்தார். மொத்தம் பதினோரு பட்டைகள், எல்லாவற்றிலும் இரண்டு கோடு. "தினமும் முட்டை வெடிக்குதுன்னு காட்டுது மேடம். ஆனா 21ஆம் நாள் எடுத்த ரத்தப் பரிசோதனையில வெடிக்கவே இல்லைன்னு சொல்லிட்டாங்க. நான் எதை நம்புறது?"

கூட வந்த மாமியார், "எங்க காலத்துல 14ஆம் நாள் கணக்குதான், அதுலயே தங்கிடும்" என்றார். (யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதே நோட்டை வேறு வேறு கைகளில் பலமுறை பார்த்தாகிவிட்டது.)

முதலில் மாமியார் கணக்கு. 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் தலைக்குக் குளிப்பவருக்கு அது ஓரளவு சரி. ஆனால் அந்தக் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். முட்டை வெளிவந்த பிறகு அடுத்த மாதவிலக்கு வர ஏறத்தாழ 12 முதல் 14 நாள் ஆகும். இந்தப் பாதி பெரும்பாலும் மாறுவதில்லை. இழுத்துக்கொண்டே போவது முன்பாதிதான். பிசிஓஎஸ் (முட்டை ஒழுங்காக வெளிவராமல் செய்யும் ஹார்மோன் கோளாறு) உள்ளவர்களுக்கு அது 20 நாளும் ஆகலாம், 40 நாளும் ஆகலாம். இந்தப் பெண்ணுக்குச் சுழற்சி 40 முதல் 44 நாள். அப்படியானால் முட்டை வெடிக்க வாய்ப்புள்ளதே 28ஆம் நாளை ஒட்டித்தான். முட்டை வெளிவந்த பிறகு ஏறும் ஹார்மோனான புரோஜெஸ்டிரானை 21ஆம் நாளில் பார்த்தால் குறைவாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

"21ஆம் நாள் டெஸ்ட்" என்ற பெயரே பலரைக் குழப்புகிறது. மாதவிலக்கு வர வேண்டிய நாளுக்கு ஏழு நாள் முன்னால் எடுக்க வேண்டிய பரிசோதனை அது. இவருக்கு அது 35ஆம் நாள். எப்போது வரும் என்றே கணிக்க முடியாதவர்களுக்கு, விலக்கு வரும்வரை வாரம் ஒருமுறை எடுத்துப் பார்க்கச் சொல்வோம். ஒரு மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெளிவந்திருக்கிறது என்று பொருள்.

சரி, பட்டைக்கு வருவோம். இதில் இரண்டு சிக்கல். கர்ப்பம் பார்க்கும் கிட்டில் மங்கலாக ஒரு கோடு தெரிந்தாலே ஆம் என்று எடுத்துக்கொள்கிறோம். இது அப்படியில்லை. பரிசோதனைக் கோடு பக்கத்துக் கோட்டுக்குச் சமமாகவோ அதைவிட அடர்த்தியாகவோ இருந்தால்தான் ஆம். நோட்டில் இருந்த பதினொன்றில் ஏழு மங்கலானவை, அதாவது 'இல்லை'. மீதி நான்கு? அங்கேதான் பிசிஓஎஸ் தன் வேலையைக் காட்டுகிறது. பட்டை அளப்பது எல்.எச். என்ற ஹார்மோனை. சாதாரணமாக அது தாழ்வாக இருந்து, முட்டை வெடிப்பதற்கு ஒன்று, ஒன்றரை நாள் முன்னால் சட்டென்று ஏறும். பிசிஓஎஸ் உள்ள பலருக்கு அது எப்போதுமே சற்று உயர்ந்துதான் இருக்கும். சில நேரம் மூளை ஏற்றிவிட்டாலும் சினைப்பை கேட்காது. ஒரு வாரம் கழித்து மறுபடி ஏறும். கோடு விழும், முட்டை வராது.

அதற்காகப் பட்டையைத் தூக்கி எறியச் சொல்லமாட்டேன். பல நாள் மங்கலாக வந்து, ஓரிரு நாள் மட்டும் பளிச்சென்று அடர்ந்தால் அது நல்ல சேதி. உங்களுடைய மிகக் குறைந்த சுழற்சியிலிருந்து 17ஐக் கழித்து, அந்த நாளில் தொடங்குங்கள். இவருக்கு அது 23ஆம் நாள். 10ஆம் நாளிலிருந்தே ஆரம்பித்து ஒரு பெட்டியைக் காலி செய்திருந்தார். இன்னொன்று, முட்டை வெடிக்க ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு அந்த மருந்தே இரண்டு வாரம் வரை பட்டையையும் கர்ப்பக் கிட்டையும் ஏமாற்றிவிடும்.

உடல் தானே காட்டும் அடையாளம் ஒன்று உண்டு. நம் ஊரில் அதை நோய் என்று சொல்லிக் கெடுத்து வைத்திருக்கிறோம். பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல, இரு விரலுக்கிடையே இழுபடும் வழுவழுப்பான திரவம் வந்தால் கரு தங்க ஏற்ற நாட்கள் நெருங்குகின்றன. பல பெண்கள் இதை வெள்ளைப்படுதல், உடம்புச் சூடு என்று நினைத்து வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கிறார்கள். அரிப்பு, நாற்றம், தயிர் போலத் திரிதிரியாக வருவது, இவைதான் வைத்தியம் தேவைப்படுபவை. பிசிஓஎஸ்ஸில் இந்த வழுவழுப்பும் ஒரே சுழற்சியில் இரண்டு மூன்று முறை வந்து போகலாம். அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

காலையில் எழுவதற்கு முன் வெப்பம் பார்ப்பதும் உண்டு. முட்டை வெடித்தபின் அரை முதல் ஒரு டிகிரி பாரன்ஹீட் வரை ஏறி அப்படியே நிற்கும். ஆனால் நடந்து முடிந்ததைத்தான் அது சொல்லும். இரவுப் பணிக்குப் போகிறவர்களுக்கும் தூக்கம் கெட்டவர்களுக்கும் நான் பரிந்துரைப்பதில்லை.

ஸ்கேனில் தொடர்ந்து பார்ப்பது, அதாவது பாலிக்குலர் ஸ்டடி, கண்ணால் காணும் சாட்சி. ஒரு முட்டைப் பை நாளுக்கு 2 மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்து 18 முதல் 24 வரை போய், அடுத்த ஸ்கேனில் சுருங்கியிருந்தால் வெடித்துவிட்டது. "கர்ப்பப்பையில நீர்க்கட்டி" என்று பயந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அவை கர்ப்பப்பையில் இல்லை, சினைப்பையில் இருக்கின்றன. கட்டியும் இல்லை, வளராமல் பாதியில் நின்றுவிட்ட முட்டைப் பைகள்.

விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும். முட்டைக்கு ஆயுள் ஒரே நாள். அதனால் 'அந்த ஒரு நாளை'த் துரத்துவதைவிட இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருப்பதே போதும். பட்டையைப் பார்த்துப் பார்த்துப் படுக்கையறை பரீட்சை ஹால் ஆகிவிடுகிறது. சுழற்சி 35 நாளைத் தாண்டுகிறவர்கள், வருடத்தில் எட்டு முறைக்கும் குறைவாக விலக்காகிறவர்கள் ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம்; இப்போதே மருத்துவரைப் பாருங்கள். முட்டை வளர முதலில் கொடுப்பது லெட்ரோசோல் என்ற மாத்திரை. இந்தியாவில் 2011இல் இதற்குத் தடை வந்தது, 2017இல் அது நீக்கப்பட்டது. பழைய செய்தியைப் படித்துவிட்டு இன்னும் போன் செய்கிறார்கள்.

நோட்டுக்காரப் பெண் அந்தச் சுழற்சியின் 35ஆம் நாளில் ரத்தம் கொடுத்தார். புரோஜெஸ்டிரான் 9. மருந்தில்லாமலே, தாமதமாக, முட்டை வெளிவந்திருந்தது. அப்புறம்தான் கேட்டேன்: "வீட்டுக்காரருக்கு விந்துப் பரிசோதனை எடுத்தாச்சா?" மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கல்யாணமாகி இரண்டு வருடம், ஒருமுறைகூட எடுக்கவில்லை. 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும் என்று சீட்டில் எழுதி, அந்த நோட்டுக்குள்ளேயே வைத்து அனுப்பினேன்.