கலப்பினக் குழு இல்லை, ஈரிடக் குழு

போன வாரம் காரைக்குடியில் ஒரு பயிற்சி வகுப்பு. கையில் கொடுத்த தாளின் தலைப்பு: 'கலப்பின மற்றும் தொலைதூரக் குழுக்களைக் கண்காணித்தல்'. பக்கத்தில் கானாடுகாத்தான் தம்பி ஒருவர். மாதத்தில் ஒரு வாரம் சென்னை ஆபீஸ், மற்ற நாளெல்லாம் வீட்டு வளவில் லேப்டாப்போடு வேலை. தாளைப் பார்த்துவிட்டு, "அண்ணே, என்னையவா கலப்பினம்ங்கிறாங்க?" என்றார். முகம் சுருங்கிவிட்டது. இந்தச் சொல்லை எத்தனையோ முறை கேட்டுப் பொறுத்துக்கொண்டேன், இனி முடியாது.

ஆங்கிலத்தில் 'ஹைபிரிட்' என்பதைத்தான் இப்படிக் கலப்பினம் ஆக்கியிருக்கிறார்கள். ஹைபிரிட் லத்தீன் வழி வந்த சொல். வீட்டுப் பன்றிக்கும் காட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டியைக் குறித்தது. பிறகு செடிக்கு வந்தது, பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் காருக்கு வந்தது, இப்போது வேலைக்கும் வந்துவிட்டது.

மூலத்திலேயே பன்றிக்குட்டிதானே, கலப்பினம் என்றால் என்ன தப்பு என்று கேட்பார்கள். ஆங்கிலம் பேசுகிறவர் காதில் இன்று அந்தக் குட்டி கேட்பதில்லை. நம் காதில் 'இனம்' கணீரென்று கேட்கிறது. கலப்பினம் என்றதும் ஜெர்சிக் கலப்புப் பசுதான் நினைவுக்கு வரும். மாட்டுக்கும் விதைக்கும் அது நல்ல சொல். மனிதரைப் பிறப்பால் அளந்து புண்பட்ட நாட்டில், ஆளுக்கு முன்னால் அதை வைக்கக் கூடாது.

சரி, இனத்தை எடுத்துவிட்டு 'கலப்புப் பணி' என்று சொல்லலாமா? அதுவும் சரிப்படாது. பாலில் தண்ணீர் கலந்தால் இரண்டையும் பிரிக்க முடியாது. இங்கே எதுவும் கலக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஆபீஸ், புதன்கிழமை வீடு. அல்லது நாலு பேர் ஆபீஸில், மூன்று பேர் அவரவர் ஊரில். வேலை ஒன்று, இடம் இரண்டு. ஆகவே 'ஈரிடப் பணி', 'ஈரிடக் குழு'. உயிரெழுத்துக்கு முன்னால் இரு என்பது ஈர் ஆகும், ஈரடி, ஈரெழுத்து போல. புதிதாகக் கேட்கிறவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

இப்படி இடத்தையும் பொறுப்பையும் வைத்துப் பெயர் சொல்வது இந்த ஊருக்குப் பழகியதுதான். அந்தக் காலத்தில் செட்டியார்களின் கடை ரங்கூனிலோ பினாங்கிலோ இருக்கும், முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். அங்கே பொறுப்பில் இருந்தவர் மேலாள், அவருக்கு அடுத்தவர் அடுத்தாள், பணப்பெட்டி அருகே உட்கார்ந்து தொழில் பழகியவன் பெட்டியடிப் பையன். ஒருவர் அங்கே இருப்பது பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கு. கடிதத்தையும், ஐந்தொகை என்ற சொத்து, கடன் கணக்கையும் வைத்துத்தான் முதலாளி இங்கிருந்து தொழிலை நடத்தினார். யார் எங்கே, என்ன வேலை என்று கேட்ட மாத்திரத்தில் தெரியும்படி பெயர் வைத்தவர்கள் அவர்கள்.

'தொலைதூரக் குழு' அவ்வளவு மோசமில்லை, ஆனால் தொலைவும் தூரமும் ஒன்றேதான். அடுத்த தெருவில் இருந்து வேலை பார்க்கிறவரும் ஆபீஸுக்கு வராதவர்தான், அவருக்குத் தூரம் ஏது? அழகப்பா பல்கலைக்கழகத்தால் 'தொலைநிலைக் கல்வி' என்ற சொல் இங்கே வீட்டுக்கு வீடு தெரியும். 'தொலைநிலைக் குழு' என்றால் போதும்.

அப்புறம் அந்தக் 'கண்காணித்தல்'. எனக்கு அதிகம் வலித்தது இதுதான். கண்காணி மருவித்தான் கங்காணி ஆனது. இலங்கையிலும் மலாயாவிலும் தோட்டங்களில் நம் ஆட்களை வேலை வாங்கியவரின் பெயர் அது. கண்ணுக்குத் தெரியாத குழுவை எப்படிக் கண்காணிப்பது? என்ன வேலை, என்றைக்குள், யார் பொறுப்பு என்று எழுத்தில் பேசி முடிப்பதும், ஆபீஸில் இருப்பவருக்குத் தெரிந்தது வீட்டில் இருப்பவருக்கும் தெரியும்படி செய்வதும்தான் அங்கே வேலை. அதற்கு 'நடத்துதல்' என்ற நல்ல சொல் இருக்கிறது. மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டுகிறார்கள், வாய்விட்டு ஒரு தடவை படித்துப் பார்ப்பதில்லை.

வகுப்பு முடிந்ததும் தாளின் ஓரத்தில் 'ஈரிட, தொலைநிலைக் குழுக்களை நடத்துதல்' என்று எழுதி, பாடம் எடுத்தவரிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.