ஈவ் டீசிங்: இந்தச் சொல்லுக்குள்ள யாரு இருக்கா, யாரு இல்ல

ஈவ் டீசிங்னு சர்வசாதாரணமா சொல்றோம், போலீஸ் போர்டுலயும் பேப்பர்லயும் பல வருஷமா பாத்துட்டோம், ஆனா அதுல வர்ற ஈவ் யாருன்னு கேட்டா பாதிப் பேருக்கு சாயங்காலம்தான் ஞாபகம் வரும். அது பைபிள்ல வர்ற ஏவாள். ஆதாம் ஏவாள்ல வர்ற அதே ஏவாள். டீஸ்ங்கிறது பழைய ஆங்கிலச் சொல்லு, முதல்ல கம்பளி நூலப் பிரிச்சு சிக்கெடுக்கிறதுக்குச் சொன்னது, அப்புறம் ஒருத்தர நோண்டி எரிச்சல் பண்றதுக்கு ஆச்சு, கடைசில விளையாட்டா கிண்டல் பண்றதுன்னு வந்து நின்னுடுச்சு. இந்த ரெண்டையும் ஒட்டவெச்சது இந்தியாவுல பேசுற ஆங்கிலம்.

இப்ப இந்தச் சொல்ல கொஞ்சம் உத்துப் பாருங்க. பொண்ணு இருக்கா, பேரோட இருக்கா. நடந்தது விளையாட்டுன்னு இருக்கு. செஞ்சவன் எங்க? அவன் இந்தச் சொல்லுக்குள்ள எங்கயுமே இல்ல. அதுவும் ஏவாள்னா பழத்தப் பறிச்சு ஆதாமுக்குக் குடுத்தவ, ஆசை காட்டினவன்னு காலங்காலமா பழி சுமக்கிறவ, அந்தப் பேர எடுத்து ரோட்டுல நடந்து போற பொண்ணு தலைல வெச்சா என்ன அர்த்தம் வரும்னு சொல்லவே வேணாம்.

இது சும்மா சொல் ஆராய்ச்சி இல்ல, எனக்கு இது உறைச்ச இடம் ஒரு போலீஸ் ஸ்டேஷன் (எந்த ஊருன்னு வேணாம்). என் அத்தை பொண்ணு காலேஜ் போற பஸ்ல ஒருத்தன் ரெண்டு நாளா பின்னாடி வந்து நின்னு இடுப்புல கை வெச்சிருக்கான், அவ நகர்ந்து கம்பியோட ஒட்டி நின்னப்புறமும் மறுபடி வெச்சிருக்கான். மனு எழுதச் சொன்னா, கூச்சத்துல "ஒருவர் என்னைக் கேலி செய்கிறார்"னு எழுதிட்டா. அங்க இருந்த ஏட்டையா படிச்சுட்டு "கேலிதானம்மா பண்ணிருக்கான், கூப்ட்டு கண்டிச்சு விட்ருவோம்"னு சொன்னாரு. அவரத் திட்டவும் முடியல, ஏன்னா பேப்பர்ல இருந்தது அதுதான். கை இருந்துச்சு, இடுப்பு இருந்துச்சு, ஆனா எழுத்துல கேலி மட்டும்தான் இருந்துச்சு. ஈவ் டீசிங்க மனசுக்குள்ளயே தமிழாக்கிப் பாத்தா கேலின்னுதான வரும், அந்தப் பிள்ளையும் அப்படித்தான் எழுதினா.

அரசாங்கமே இந்தச் சொல்லுல ஒருதடவ விழுந்து எந்திரிச்சிருக்கு. 1998 ஜூலைல சென்னையில ஒரு கல்லூரி மாணவி, ஆட்டோல வந்த கும்பல் ஒண்ணு அத்துமீறினதுல கீழ விழுந்து அடிபட்டு இறந்துட்டாங்க. ஊரே கொதிச்சுது. உடனே அவசரச் சட்டம், பின்னாடியே முழுச் சட்டம். அந்தச் சட்டத்தோட பேருலயே ஈவ் டீசிங்தான் இருந்துச்சு. ஒரு உயிர் போனதுக்கு வந்த சட்டம், பேரு மட்டும் கிண்டல்! 2002-ல திருத்தம் கொண்டுவந்து ஈவ் டீசிங்க எடுத்துட்டு ஹராஸ்மென்ட்னு பேர மாத்துனாங்க, சட்டத்தோட வருஷம் 1998னே நிக்குது. தமிழ்ப் பேப்பர்ல இதத்தான் பெண் வன்கொடுமை தடைச் சட்டம்னு எழுதுறாங்க.

பேருதான் முதல்ல தப்பாப் போச்சே தவிர உள்ள இருக்கிற விளக்கம் நல்ல கெட்டியானது. ஒரு பொண்ணுக்கு மிரட்டலோ பயமோ அவமானமோ சங்கடமோ வர்ற மாதிரி, இல்ல வரக்கூடிய மாதிரி, ஒரு ஆண் செய்ற அநாகரிகமான எந்தச் செயலும் இதுல வரும். பஸ் ஸ்டாப், கோயில், பீச், பார்க், தியேட்டர், திருவிழா நடக்கிற இடம்னு இடத்தையும் எழுதி வெச்சிருக்காங்க. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச, ஆனா பலபேருக்குத் தெரியாத ஒரு பிரிவு உண்டு: ஓடுற பஸ்ல இது நடந்து அந்தப் பொண்ணு புகார் சொன்னா, டிரைவரும் கண்டக்டரும் வண்டிய நேரா பக்கத்துல இருக்கிற போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்த் தகவல் சொல்லணும். அது அவங்க கடமை, தயவு இல்ல. 2022-ல தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகள்லயும் முறைச்சுப் பாக்குறது, விசிலடிக்கிறது, கண்ணடிக்கிறதுன்னு ஒண்ணொண்ணா பேர் சொல்லியே எழுதிட்டாங்க. 2025 ஜனவரில 98 சட்டத்துல தண்டனையக் கூட்டுறதுக்கு சட்டசபையில திருத்தமும் நிறைவேறுச்சு.

உச்ச நீதிமன்றமும் இதத் தொட்டிருக்கு. தென்காசில 1999-ல பஸ் ஸ்டாண்டு முன்னாடி நின்ன ஒரு பெண்கிட்ட ஒரு போலீஸ்காரரே தப்பா நடந்துகிட்ட வழக்கு, 2012 நவம்பர்ல தீர்ப்பு வந்துச்சு. ஈவ் டீசிங்ங்கிறதே இடக்கரடக்கல், தண்டிக்க வேண்டிய குத்தத்த மென்மையாக்கிச் சொல்ற சொல்லுன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு, தமிழ்நாட்டுல மட்டும்தான் இதுக்குன்னு தனிச் சட்டம் இருக்குன்னும் குறிப்பிட்டுச்சு. பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன், தியேட்டர்லாம் மஃப்டில பெண் போலீஸ், முக்கியமான இடத்துல சிசிடிவி, ஹெல்ப்லைன்னு எல்லா மாநிலத்துக்கும் உத்தரவு போட்டாங்க. அப்புறம் 2023 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் போட்ட கையேட்டுல, ஈவ் டீசிங்னு எழுதாதீங்க, தெருவில் நடக்கும் பாலியல் துன்புறுத்தல்னு பொருள் வர்ற சொல்லப் போடுங்கன்னு வந்துச்சு.

சரி, தமிழ்ல எதச் சொல்றது? இங்கதான் பிரச்சனையே.

சில்மிஷம்: இந்தச் சொல்லப் பாத்தாலே எனக்கு வயிறு எரியும். "சிறுமியிடம் சில்மிஷம்"னு தலைப்பு போடுறாங்க. சில்மிஷம்னா குழந்தை பண்ற குறும்புக்கும் புதுசா கல்யாணமானவங்க கொஞ்சுறதுக்கும் சொல்ற சொல்லு. பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைய ஒருத்தன் தப்பான எண்ணத்தோட தொட்டா 2012 போக்சோ சட்டப்படி குறைஞ்சது 3 வருஷம், 5 வருஷம் வரைக்கும் ஜெயில். அதுக்கு எப்படிங்க சில்மிஷம்னு பேரு?

மானபங்கம்னு ஒண்ணு, கற்பழிப்புன்னு ஒண்ணு. ரெண்டுலயும் பறிபோறது அவளோட மானம், அவளோட கற்பு, அதாவது குத்தம் அவன் பண்ணது, நஷ்டக் கணக்கு அவ பேருல. கற்பழிப்பு இப்ப நல்ல பத்திரிகைகள்ல குறைஞ்சு பாலியல் வன்கொடுமை, வல்லுறவுன்னு எழுதுறாங்க, நல்லது. மானம் மட்டும் இன்னும் போகல, 1860 இந்தியத் தண்டனைச் சட்டத்துல இருந்த அதே கருத்து, அதுக்குப் பதிலா 2024 ஜூலைல அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுலயும் 74, 79 பிரிவுகள்ல உக்காந்திருக்கு.

சீண்டல்: கேலிக்கு இது எவ்வளவோ பரவால்ல, தொடுறது, வம்புக்கு இழுக்கிறதுன்னு பொருள் இருக்கு. ஆனா அண்ணன் தங்கச்சி சண்டைலயும் சீண்டல்தான். தொல்லைன்னா கொசுத்தொல்லையும் தொல்லைதான்.

என் ஓட்டு துன்புறுத்தலுக்கு. துன்புறுன்னா தானே துன்பப்படுறது, துன்புறுத்துன்னா இன்னொருத்தர துன்பப்பட வைக்கிறது, பள்ளிக்கூடத்துல தன்வினை பிறவினைன்னு படிச்சோமே அதேதான். அந்த த்து வந்து விழுந்ததும் செஞ்சவன் ஒருத்தன் வந்துடுறான், யாரு துன்புறுத்தினான்னு அடுத்த கேள்வி தன்னால வருது. ஈவ் டீசிங்ல காணாமப் போனவன் இங்க மாட்டிக்கிறான். இலங்கைத் தமிழர்கள் ராகிங்குக்குப் பகடிவதைன்னு வெச்சிருக்காங்க, பகடின்னு நிறுத்தாம வதையையும் சேத்ததால அங்கயும் நடந்த கொடுமை சொல்லுலயே தெரியுது. 2013 பணியிடச் சட்டத்த ஏற்கனவே பாலியல் துன்புறுத்தல்னுதான் சொல்றோம், ஆஃபீஸ்ல நடந்தா அது, ரோட்டுல நடந்தா கிண்டல்னு ரெண்டு பேரு எதுக்கு? பொது இடத்துலன்னு காட்டணும்னா பொது இடப் பாலியல் துன்புறுத்தல்னு எழுதலாம். நீளம்தான், பரவால்ல.

சன்ஹிதாவுல 75-வது பிரிவும் இதுக்குத்தான். அசிங்கமா கமெண்ட் அடிச்சா 1 வருஷம் வரைக்கும், விரும்பாத பொண்ணுகிட்ட பாலியல் நோக்கத்தோட கை வெச்சா 3 வருஷம் வரைக்கும். பின்னாடியே சுத்துறது 78. கேலின்னு ஒரு பிரிவு எங்கயும் கிடையாது. அதனால மனு எழுதும்போது பட்டப்பேரு எதுவும் வேணாம், அவன் என்ன செஞ்சான்னு எழுதுங்க, எந்த பஸ், எத்தன மணி, எங்க கை வெச்சான், என்ன வார்த்த சொன்னான். அவசரம்னா 112, பெண்கள் உதவிக்கு 181, குழந்தைங்கன்னா 1098.

அன்னிக்கு ஸ்டேஷன் வெளிய பெஞ்சுல உக்காந்து இன்னொரு பேப்பர் எடுத்தோம். "அக்கா இப்படியேவா எழுதறது"ன்னு கேட்டுட்டே எழுதினா: "என் பின்னால் நின்ற நபர் வேண்டுமென்றே என் இடுப்பில் கை வைத்தார். நான் நகர்ந்த பிறகும் மறுபடி வைத்தார். நேற்றும் இதையே செய்தார். இது பாலியல் துன்புறுத்தல்." அதே ஏட்டையாதான் வாங்குனாரு, ரெண்டுதடவ படிச்சாரு, "உக்காரும்மா, மேடம் வந்துடுவாங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போனாரு. அரை மணி நேரத்துல சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகார வாங்கிப் பதிஞ்சதுக்கான ரசீது, கைக்கு வந்துச்சு, பஸ் நம்பரோட.