ஏறிக்கொண்டே போகும் கோடு: விலைக்கு வரும் டிரேடிங் ரோபோக்களுக்குள் என்ன நடக்கிறது?

நண்பர் ஒருவர் ஒரு படத்தை அனுப்பி, "இதை வாங்கலாமா?" என்று கேட்டார். இணையத்தில் யாரோ விற்கும் டிரேடிங் ரோபோ. இடது கீழ் மூலையில் தொடங்கி வலது மேல் மூலை வரை ஏறும் ஒரு கோடுதான் படம். நடுவில் சறுக்கலே இல்லை. படம் போலியாக இருக்குமோ என்பது அவருடைய சந்தேகம். எனக்கு வேறு கவலை. அந்தப் படம் முழுக்க உண்மையாகவே இருக்கலாம். ஒரு எண்ணைக்கூடத் திருத்தாமல் அப்படி ஒரு கோட்டை வரவழைக்க முடியும். அன்று அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

ரோபோ என்ற பெயர் பெரிதாக இருந்தாலும் உள்ளே இருப்பது சில விதிகள்தான். கடந்த 20 நாட்களின் சராசரி விலை 50 நாள் சராசரியைத் தாண்டி மேலே போனால் வாங்கு, கீழே வந்தால் விற்றுவிடு, இவ்வளவு நஷ்டமானால் வெளியேறு. விலை மாறும்போதெல்லாம் நிரல் இந்த விதிகளைச் சரிபார்த்து, பொருந்தினால் புரோக்கருக்கு ஆர்டர் அனுப்பும். 2005இல் வந்த மெட்டாடிரேடர் 4 என்ற மென்பொருள் இப்படிப்பட்ட நிரல்களை யார் வேண்டுமானாலும் எழுதி ஓட்டலாம் என்று வழி திறந்தது. அதில் இவற்றுக்கு எக்ஸ்பர்ட் அட்வைசர் என்று பெயர், புழங்குபவர்கள் ஈஏ என்பார்கள். கிரிப்டோ பக்கம் பாட் என்கிறார்கள். எழுதத் தெரிந்தவர்கள் விற்கத் தொடங்கினார்கள், எழுதத் தெரியாதவர்களும் விற்கிறார்கள்.

விற்பவர் காட்டும் கோடு பெரும்பாலும் பேக்டெஸ்டிலிருந்து வருவது. அதாவது, இந்த விதிகளைப் பழைய விலைகளின் மேல் ஓட்டிப் பார்த்தால் எவ்வளவு லாபம் வந்திருக்கும் என்ற கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன விதியில் 20, 50 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன? ஏன் 17, 43 இல்லை? ஒரு ரோபோவில் இப்படி மாற்றக்கூடிய எண்கள் ஐந்து இருந்து, ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்புகளை முயன்றால், மொத்தம் ஒரு லட்சம் ரோபோக்கள். அத்தனையையும் கணினி பழைய விலைகளில் ஓட்டிப் பார்த்து, மிக அழகான கோட்டைத் தந்த ஒன்றை எடுத்துக் கொடுக்கும். மீதி 99,999 கோடுகளை வாங்குபவர் பார்ப்பதே இல்லை.

விலை ஏற்ற இறக்கத்தில் பெரும்பகுதி தற்செயல். ஒரு லட்சம் முறை முயன்றால், அந்தத் தற்செயலோடு கச்சிதமாக ஒத்துப்போகும் விதி ஒன்றாவது கிடைத்தே தீரும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததைப் பார்த்துவிட்டு, பழம் பறிக்கக் காக்கை வளர்க்கப் போவது போன்றது இது. டேவிட் லைன்வெபர் என்ற ஆய்வாளர் இதைக் காட்டுவதற்காகவே வேண்டுமென்று ஒரு வேலை செய்தார். உலகப் புள்ளிவிவரங்களைத் துழாவி, வங்கதேசத்தின் வெண்ணெய் உற்பத்தியை வைத்து அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 என்ற பங்குச் சந்தைக் குறியீட்டின் அசைவில் 75 சதவீதத்தை 'விளக்கி'க் காட்டினார். அமெரிக்கப் பாலாடைக்கட்டி உற்பத்தியையும் செம்மறி ஆடுகளின் எண்ணிக்கையையும் சேர்த்ததும் அது 99 சதவீதம் ஆனது. அவர் எடுத்துக்கொண்ட எண்கள் எல்லாமே உண்மையானவை.

இதற்குக் கணித அளவே உண்டு. வங்கியில் போட்டிருந்தாலே கிடைத்திருக்கும் வட்டியைக் கழித்து, மிச்சமுள்ள ஆண்டு லாபத்தை அது ஆடும் அளவால் வகுத்தால் வருவது ஷார்ப் விகிதம். அது 1 இருந்தால் நல்ல உத்தி என்று மதிப்பார்கள். டேவிட் பெய்லி உள்ளிட்ட நான்கு கணித அறிஞர்கள் 2014இல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் இதழில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். கையில் 5 ஆண்டு விலைகள் மட்டுமே இருந்தால், ஒன்றையொன்று சாராத 45 வகைகளுக்கு மேல் முயன்று பார்க்கக் கூடாது. மீறினால், எந்தத் திறனும் இல்லாத ஓர் உத்திகூட அந்தப் பழைய விலைகளில் ஷார்ப் 1 காட்டுவது ஏறக்குறைய நிச்சயம். எல்லை 45, நம் கணினி ஓட்டிப் பார்த்தது, பல ஒன்றையொன்று ஒத்தவை என்றாலும், ஒரு லட்சம். எத்தனை வகைகளை முயன்றார்கள் என்று எந்த விற்பனைப் பக்கத்திலும் நான் பார்த்ததில்லை. அந்த ஒரு எண் தெரியாமல் படத்தை மதிப்பிடவே முடியாது.

சரி, பேக்டெஸ்ட் வேண்டாம், நிஜக் கணக்கைக் காட்டுகிறேன் என்று சிலர் சொல்வார்கள். நிஜப் பணம், நிஜ டிரேடுகள், தினமும் லாபம். இங்கே இருக்கும் ஆபத்து எனக்கு இன்னும் அதிகக் கவலை தருகிறது, ஏனென்றால் நிதானமானவர்கள்கூட இதில் விழுந்துவிடுகிறார்கள்.

மார்ட்டிங்கேல் என்பது சூதாட்ட மேசையில் பிறந்த பழைய முறை. தோற்றால் பந்தயத்தை இரட்டிப்பாக்கு, ஜெயித்தால் முதலிலிருந்து தொடங்கு. 1, 2, 4, 8 என்று போகும். எந்த இடத்தில் ஜெயித்தாலும் அதுவரை போனதெல்லாம் திரும்பி, கூடவே 1 லாபம் கிடைக்கும். விலைக்கு வரும் ரோபோக்களில் ஏராளமானவை இதையோ, இதன் உறவான கிரிட் முறையையோ (விலை எதிராகப் போகப் போக, குறித்த இடைவெளிகளில் மேலும் மேலும் வாங்கிக் குவிப்பது) உள்ளே வைத்திருக்கின்றன.

ஒரு கணக்குப் போடுவோம். கையில் 255 இருக்கிறது, ஒவ்வொரு டிரேடும் நாணயம் சுண்டுவது போலப் பாதிக்குப் பாதி. தொடர்ந்து எட்டு முறை தோற்றால் 1 முதல் 128 வரை கூட்டி 255 போய்விடும், கணக்கு காலி. அப்படி நடப்பதற்கான வாய்ப்பு 256இல் 1. மற்ற 255 தடவையும் 1 லாபம். கூட்டிக் கழித்தால் சராசரி லாபம் சரியாகப் பூஜ்ஜியம். இது தரகுச் செலவைச் சேர்க்காத கணக்கு, சேர்த்தால் நஷ்டம்.

ஆனால் வெளியே தெரிவது வேறு. 1இல் தொடங்கி ஜெயிக்கும் வரை ஓடுவதை ஒரு சுற்று என்று வைத்து, ஒரு நாளைக்கு மூன்று சுற்று ஓடினால், மூன்று மாதத்தின் 65 சந்தை நாட்களில் சுமார் 195 சுற்று. அதுவரை கணக்கு காலியாகாமல் இருக்க 47 சதவீத வாய்ப்பு. தப்பித்த கணக்கில் லாபம் 195, போட்ட 255இல் அது 76 சதவீதம்! மூன்றே மாதத்தில், கோட்டில் ஒரு சறுக்கல்கூட இல்லாமல். ஓராண்டு தாக்குப்பிடிக்க 5 சதவீதம் மட்டுமே வாய்ப்பு. அப்படியென்றால் இருபது கணக்குகளைத் தொடங்குபவருக்கு ஆண்டு முடிவில் ஏறக்குறைய ஒன்று மிஞ்சும். அந்த ஒன்றின் படத்தைப் போட்டால் போதும். மற்ற பத்தொன்பதும் இருந்த சுவடே தெரியாது. விற்பவர் ஒரே ஒரு கணக்கு வைத்திருந்து, தானே மனதார நம்பிக்கொண்டிருப்பதும் உண்டு. அவர் இன்னும் அந்த 256இல் ஒன்றைச் சந்திக்கவில்லை, அவ்வளவுதான்.

உத்தி உண்மையிலேயே கொஞ்சம் நல்லதாக இருந்தாலும், சோதனைக்கும் சந்தைக்கும் நடுவில் லாபம் கசிகிறது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியான ஸ்ப்ரெட், பேக்டெஸ்டில் பெரும்பாலும் மாறாத ஒரே எண். நிஜத்தில் முக்கியச் செய்தி வரும் நேரத்தில் அது பல மடங்கு விரியும். சின்னச் சின்ன லாபத்துக்காக நூற்றுக்கணக்கான டிரேடுகள் செய்யும் ரோபோவின் மொத்த லாபத்தையும் அதுவே தின்றுவிடலாம். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. ஒரு மணி நேரத்தின் விலைப்பதிவில் தொடக்கம், உச்சம், தாழ்வு, முடிவு என்ற நான்கு எண்கள்தான் இருக்கும். லாப இலக்கும், இவ்வளவு நஷ்டமானால் வெளியேறு என்று குறித்த விலையான ஸ்டாப் லாஸும் அந்த ஒரே மணி நேரத்துக்குள் வந்துவிட்டால், எது முதலில் தொட்டது என்பதற்குப் பதிவில் பதில் இல்லை. சோதிக்கும் நிரல் ஏதோ ஒன்றை அனுமானித்துக்கொள்ளும். விலைப்படத்தின் மேல் குறி போட்டுக் காட்டும் சில சுட்டிகள் (இண்டிகேட்டர்கள்) இன்னும் மோசம். ஜிக்ஜாக் போன்றவை புது விலை வரவர, கடைசியாக வரைந்த கோட்டைத் திருத்தி வரைபவை. பின்னாளில் பார்த்தால் ஒவ்வொரு உச்சியிலும் சரியாக 'விற்க' என்று சொன்னது போலத் தெரியும், அந்த நேரத்தில் அப்படிச் சொல்லியிருக்காது.

ஸ்டாப் லாஸ் இருக்கிறதே என்ற தைரியமும் எப்போதும் செல்லாது. 2011 செப்டம்பரிலிருந்து சுவிஸ் தேசிய வங்கி, ஒரு யூரோவின் மதிப்பு 1.20 பிராங்குக்குக் கீழே போகாமல் காத்து வந்தது. 2015 ஜனவரி 15 அன்று அந்த எல்லையைத் திடீரென்று கைவிட்டது. சில நிமிடங்களில் யூரோ ஒரு பிராங்குக்கும் கீழே சரிந்தது. 1.19இல் வெளியேறு என்று ஆர்டர் வைத்தவர்களுக்கு அந்த விலையில் வாங்க ஆளே இல்லை. போட்ட பணம் போனதோடு, புரோக்கருக்குக் கடன்பட்டவர்களும் உண்டு. ஸ்டாப் லாஸ் எப்போதும் குறித்த விலையிலேயே நிறைவேறும் என்று எடுத்துக்கொள்ளும் பேக்டெஸ்ட், அந்த நாளை ஒரு சின்ன நஷ்டமாகக் காட்டிவிட்டுக் கடந்துவிடும்.

கையில் கிடைக்கும் கோப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். விற்பனை ரோபோக்கள் பெரும்பாலும் மூல நிரல் இல்லாமல், திறந்து படிக்க முடியாத வடிவில் வருகின்றன. உள்ளே இரட்டிப்பாக்கும் முறை இருக்கிறதா, வெளியே எங்காவது தகவல் அனுப்புகிறதா என்று பார்க்க வழியில்லை. தன் நிரலைத் தானே எழுதி, தானே ஓட்டும் நிறுவனங்களுக்கே கைதவறுகிறது. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்க நிறுவனம் எட்டு சர்வர்களில் ஒன்றைப் புதுப்பிக்க விட்டுவிட்டது. அதில் கிடந்த பழைய நிரல் ஒன்று உயிர்பெற்று ஆர்டர்களைக் கொட்ட, சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் போயிற்று. முகம் தெரியாதவர் எழுதிய, திறக்க முடியாத ஒரு கோப்பிடம் நம் கணக்கை ஒப்படைப்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

கிரிப்டோ பாட்களுக்கு ஏபிஐ சாவி, அதாவது நம் கணக்கை நிரல் இயக்க அனுமதிக்கும் ரகசியக் குறியீடு, கொடுக்க வேண்டும். பணத்தை வெளியே எடுக்கும் அனுமதியை மறுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது அவசியம்தான், ஆனால் போதாது. சாவி கைமாறினால், யாரும் சீண்டாத ஒரு நாணயத்தைத் திருடன் முதலில் மலிவாக வாங்கி வைத்துக்கொள்வான். அப்புறம் உங்கள் கணக்கை வைத்து அதையே கொள்ளை விலைக்குத் தன்னிடமிருந்து வாங்க வைப்பான். பணம் 'எடுக்கப்படவே' இல்லை, ஆனால் கணக்கு காலி.

ரோபோவே இல்லாத ரோபோக்களும் உண்டு. பிட்கனெக்ட் என்ற திட்டம், தன்னிடம் உள்ள டிரேடிங் பாட் லாபம் ஈட்டித் தரும் என்று சொல்லிப் பணம் வாங்கியது. 2018 ஜனவரியில் அது சரிந்தது. புதியவர்களின் பணத்தை எடுத்துப் பழையவர்களுக்குக் கொடுத்து நடந்த மோசடி என்றும், அதன் அளவு 240 கோடி டாலர் என்றும் அமெரிக்க நீதித்துறை சொன்னது. இப்போது அதே பேச்சில் செயற்கை நுண்ணறிவு என்ற சொல் சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் முன்பேர வணிகக் கட்டுப்பாட்டு ஆணையம் இதைப் பற்றி 2024 ஜனவரியில் தனியாகவே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது.

இலவசமாகக் கிடைக்கும் ரோபோ என்றால் இழக்க எதுவும் இல்லையே என்று தோன்றலாம். பல நேரம் அதில் ஒரு நிபந்தனை இருக்கும்: நாங்கள் சொல்லும் புரோக்கரிடம்தான் கணக்குத் தொடங்க வேண்டும். நீங்கள் செய்யும் ஒவ்வொரு டிரேடிலும் ஸ்ப்ரெட்டில் ஒரு பங்கு ரோபோ கொடுத்தவருக்குப் போகும். உங்களுக்கு லாபமா நஷ்டமா என்பதோடு அதற்குத் தொடர்பில்லை. ஒரு நாளைக்கு ஐம்பது டிரேடு செய்யும் ரோபோ அவருக்கு நல்ல ரோபோ. விலை வித்தியாசத்தின் மேல் பந்தயம் கட்டும் சிஎஃப்டி கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் வரை நஷ்டத்தில் இருப்பதாக ஐரோப்பிய ஒன்றியத்தின் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் 2018இல் சொன்னது. இந்த ரோபோக்களில் பல ஓடுவது அப்படிப்பட்ட கணக்குகளில்தான்.

அப்படியானால் எவ்வளவு காலம் பார்த்தால் நம்பலாம்? ஷார்ப் விகிதத்தை, ஆண்டுகளின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். 2 வந்தால், வெறும் அதிர்ஷ்டமாக இருக்க வாய்ப்பு குறைவு என்று புள்ளியியலில் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். ஷார்ப் 1 உள்ள நல்ல உத்திக்கு 4 ஆண்டு தேவை. 0.5 என்றால் 16 ஆண்டு. மூன்று மாதக் கணக்கைக் காட்டினால் ஷார்ப் 1க்கு வருவது 0.5 மட்டுமே. அதுவும், பல கணக்குகளிலிருந்து பொறுக்கி எடுக்காத, முன்கூட்டியே சொல்லிவிட்டு ஓட்டிய ஒரே கணக்காக இருந்தால்தான்.

மார்ட்டிங்கேல் இந்தக் கணக்கையும் ஏமாற்றிவிடும், பெரிய நஷ்டம் வரும் வரை அதன் ஷார்ப் வானத்தில் இருக்கும். அதனால் கோட்டை விட்டுவிட்டு, ஒவ்வொரு டிரேடும் தனித்தனியாக இருக்கும் முழுப் பட்டியலைக் கேளுங்கள் என்று நண்பரிடம் சொன்னேன். இரண்டு நாள் கழித்து விற்பவர் அனுப்பினார். ஒவ்வொரு டிரேடும் எவ்வளவு பெரியது என்று காட்டும் லாட் அளவு என்ற பத்தியில் 0.01, 0.02, 0.04, 0.08 என்று போய், லாபம் வந்ததும் மறுபடி 0.01க்குத் திரும்பியிருந்தது. ஓரிடத்தில் 0.64 வரை போயிருந்தது. இன்னும் ஒரே ஒரு தோல்வி வந்திருந்தால் அடுத்தது 1.28. நண்பர் வாங்கவில்லை.