துணை நெறி தவறினால் சட்டம் என்ன தருகிறது?

கணவரோ மனைவியோ வேறொருவருடன் உறவு வைத்திருப்பது தெரிய வந்தால், அந்த உறவுக்காக மட்டும் இன்று யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. அதைக் குற்றமாக்கியிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27 அன்று தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அக்குற்றம் இல்லை. முதல் மணம் நீடிக்கும்போதே இன்னொரு திருமணம் செய்துகொண்டால் கதை வேறு. அதற்கு ஏழாண்டு வரை சிறை உண்டு.

உரிமையியல் வழி திறந்தே இருக்கிறது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, ஒருமுறை நடந்த தவறும் மணமுறிவு கேட்கப் போதுமான காரணம். கணவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்தாலும், காரைக்குடியில் வசிக்கும் மனைவி தாம் வசிக்கும் எல்லைக்குரிய நீதிமன்றத்திலேயே மனு கொடுக்கலாம். விசாரணை மூடிய அறையில்தான் நடக்கும், விவரங்களை அச்சிடவும் கூடாது என்று 22ஆம் பிரிவு சொல்வது, ஊர்வாய்க்கு அஞ்சி வருடக்கணக்கில் வாய்திறக்காதவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

பெரியவர்கள் கூடி, "நடந்தது நடந்துபோச்சு" என்று சேர்த்து வைப்பதில் ஒரு கவனம் வேண்டும். எல்லாம் தெரிந்தே மன்னித்து இல்லறத்தைத் தொடர்ந்தால், அந்தத் தவறைக் காட்டி மணமுறிவு பெற இயலாது. ஆகவே மனம் ஆறாமல், பிறர் வற்புறுத்தலுக்காக மட்டும் திரும்பிப் போக வேண்டாம் என்பதே என் கருத்து.

செட்டிநாட்டில் உண்மையில் சிக்கலாவது சாமான்கள்தான். தாய்வீட்டார் கொடுத்த கழுத்துரு (செட்டிநாட்டுத் திருமணத் தாலி), வைரம், வெள்ளி, பித்தளை, எவர்சில்வர் எல்லாம் கணவர் வீட்டு அறையில் பூட்டியிருந்தாலும் அவை பெண்ணின் சீதனமே. கணவர் அவற்றுக்கு உரிமையாளர் ஆவதில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 1985இலேயே தெளிவாக்கியது. கல்யாணத்தின்போது சாமான்களை எழுதிய சிட்டை இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். புகைப்படத்தையும் நகைக்கடை ரசீதையும்விட, இரு வீட்டாரும் கையெழுத்திட்ட தாள் வலுவாகப் பேசும். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் சீதனத்தைத் திருப்பித் தரும்படி நீதித்துறை நடுவர் உத்தரவிடலாம். வன்முறையால் நேர்ந்த மன உளைச்சலுக்கும் இழப்பீடு விதிக்கலாம். பூர்வீக வளவு (குடும்ப வீடு) மாமனார் பெயரில் இருக்கிறது என்பதாலேயே, அங்கே குடும்பம் நடத்திய மருமகளின் வசிப்புரிமை இல்லாமல் போய்விடாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பின் சாரம்.

ஜீவனாம்சத்தில் மட்டும் சட்டம் மனைவியிடம் கடுமை காட்டுகிறது: வேறொருவருடன் தொடர்ந்து உறவில் வாழ்பவர், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவில் மாதத்தொகை பெற முடியாது. எப்போதோ நேர்ந்த ஒரு சறுக்கல் இதில் சேராது. பிள்ளைகள் பராமரிப்புத் தொகை பெறும் உரிமையை இது தொடாது. பெற்றோர் சண்டையில் குழந்தைக்கு மரபணுச் சோதனை கேட்பதையும் வழக்கமாக அனுமதிக்கக் கூடாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டியதில்லை. வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். 15100 என்ற எண்ணில் அழைத்தோ, நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் நேரில் சென்றோ கேட்கலாம்.