வயலில் விழும் மின்னல், பழுதாகும் சிக்னல்

ஏறாவூர்த் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "மின்னல் எங்கேயோ வயலுக்குள்ள விழுந்ததுக்கு ரயில் சிக்னல் ஏன் பழுதாகுது?" ஐப்பசி இடி தொடங்குகிற நேரத்தில் நல்ல கேள்வி.

ஒரு சராசரி மின்னலில் 30,000 அம்பியர் அளவுக்குப் பாயும், அதுவும் சில மைக்ரோ செக்கனுக்குள் உச்சத்துக்கு ஏறிவிடும். மாறும் மின்னோட்டம் பக்கத்துக் கம்பியிலும் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். புணானைக் காட்டைக் கடந்து வாழைச்சேனை வரை நீளுகிற தண்டவாளத்தைவிட இதற்குத் தோதான கம்பி ஏது? ஓரமாகப் போகும் சிக்னல் கேபிளும் அப்படித்தான். மின்னல் சில நூறு மீற்றர் தள்ளி விழுந்தாலும் கேபிள் நுனியில் ஆயிரக்கணக்கில் வோல்ட் ஏறலாம். அங்கே இருப்பதோ 12, 24 வோல்ட்டில் வேலை செய்கிற சாமான்.

சரி, எப்படிக் காப்பது? முதலில் வாயு நிரப்பிய சின்னச் செராமிக் குழாய் ஒன்று. சில நூறு வோல்ட் தாண்டியதும் உள்ளே பொறி பாய்ந்து மின்சாரத்தை நிலத்துக்கு இறக்கிவிடும். ஆனால் அது பற்றிக்கொள்ளக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அந்த இடைவெளியைச் சமாளிப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பொருள்: வேரிஸ்டர் (varistor). காசு அளவில் ஒரு வட்டு, இரண்டு கால், மேலே நீலப் பூச்சு. உள்ளே இருப்பது கலமைன் லோஷனில் இருக்கிற அதே நாக ஒட்சைட்டு! கொஞ்சம் பிஸ்மத் ஒட்சைட்டு கலந்து, அழுத்தி, 1,000 பாகை செல்சியசுக்கு மேல் சுட்டால் நுண்ணிய மணிகளாக இறுகும். மணிக்கும் மணிக்கும் நடுவே ஒரு எல்லை. அது வயல் வரம்பு மாதிரி: ஏறத்தாழ 3 வோல்ட் வரை மறித்து நிற்கும், அதற்கு மேல் போனால் வழிய விட்டுவிடும், வடிந்ததும் பழையபடி மறிக்கும். வரிசையாக 100 எல்லை வருகிற தடிப்பில் வட்டைச் செய்தால் 300 வோல்ட் வரை அசையாது, தாண்டினால் நனோ செக்கன் கணக்கில் திறந்துகொள்ளும். 1960களின் பிற்பகுதியில் ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனத்தில் மிச்சியோ மட்சுவோக்கா கண்டுபிடித்தது இது. தடிப்பை மாற்றினால் வோல்ட் மாறும், அவ்வளவுதான், இதை எத்தனை தரம் வாசித்தாலும் எனக்கு அலுக்காது.

பழுதானால் சிக்னல் சிவப்புக்குப் போகவேண்டும் என்பது விதி. ஆனால் 2011 ஜூலை 23 அன்று சீனாவின் வென்சோவில் மின்னல் ஒரு ஃபியூஸை எரித்தது. சிக்னலைக் கட்டுப்படுத்தும் கருவி பழைய தகவலையே திருப்பித் திருப்பி அனுப்ப, சிக்னல் பச்சையிலேயே நின்றது. இரண்டு ரயில்கள் மோதி 40 பேர் இறந்தார்கள்.

கோயில் கலசத்தில் வரகு போட்டால் இடி தாங்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. வரகு ஒன்றும் செய்யாது. கலசத்திலிருந்து மண்ணுக்குள் தடித்த செப்புக் கம்பி இறங்காவிட்டால் கோபுரத்துக்குப் பாதுகாப்பு இல்லை, சிக்னல் பெட்டிக்கும் அதே கதைதான், அந்த வட்டு வழியவிட்ட மின்சாரம் போய்ச்சேர நல்ல எர்த் வேண்டும். எங்கள் மட்டக்களப்புக் கரையோர மணலில் அதுதான் சிக்கல். வாவியோரத்து உப்பு ஈரம் மின்சாரத்தை நன்றாக வாங்கும், ஆவணியில் காய்ந்து கிடக்கும் மணல் வாங்காது. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாணவர்களுக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கினால் என்ன? நாலு இரும்புக் கம்பியும் அளக்கும் மீற்றர் கருவி ஒன்றும் இருந்தால் மண்ணின் தடையை அளக்கலாம். ஆவணியில் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை அளந்துவிட்டால், எர்த் கம்பியை எங்கே எவ்வளவு ஆழத்துக்கு இறக்குவது என்று கணக்குப் போட்டே முடிவு செய்யலாம்.