இல்லாத சுவரிலிருந்து வந்த எதிரொலி

1954 ஜூலை 5 அன்று இரவு, அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், யூனியன் அவென்யூ 706 என்ற முகவரியில் இருந்த சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் மூன்று இசைஞர்கள் கூடியிருந்தனர்: பாடகராக 19 வயது எல்விஸ் பிரெஸ்லி, கிட்டாருடன் ஸ்காட்டி மூர், டபுள் பேஸ் என்ற தாழ்சுருதிப் பெரிய தந்தி வாத்தியத்துடன் பில் பிளாக். மெதுவான பாடல்கள் எதுவும் தேறாமல் அவர்கள் இளைப்பாறிக்கொண்டிருந்தபோது, ஆர்தர் க்ரூடப் 1946-இல் பதிவு செய்திருந்த ‘தட்ஸ் ஆல் ரைட்’ என்ற ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைவகை) பாடலை எல்விஸ் விளையாட்டாகத் துள்ளலுடன் பாடத் தொடங்க, மற்ற இருவரும் சேர்ந்துகொண்டனர். கூடத்தின் உரிமையாளர் சாம் பிலிப்ஸ் அதை முதலிலிருந்து வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார். அப்பாடல், ‘ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி’யை மறுபக்கத்தில் தாங்கி, அதே மாதம் 19-ஆம் தேதி பிலிப்ஸின் சன் இசைத்தட்டு நிறுவனத்தின் 209-ஆம் எண் இசைத்தட்டாக வெளிவந்து மெம்பிஸ் வட்டாரத்தில் புகழ்பெற்றது. கன்ட்ரி என்னும் அமெரிக்க நாட்டுப்புற இசையும் ப்ளூஸும் கலந்த, ராக்கபில்லி என்று பின்னர் அழைக்கப்பட்ட பாணியின் தொடக்க வெற்றிகளுள் இது ஒன்று.

இந்த இசைத்தட்டில் டிரம்ஸ் இல்லை. ஆனால் கேட்கும்போது அந்தக் குறை தெரிவதில்லை. பில் பிளாக் பேஸின் தந்தியை வெளிப்புறமாக இழுத்து விட, அது விரல்பலகையில் மோதி ‘டக்’கென்று அடிக்கும். டபுள் பேஸின் மிகத் தாழ்ந்த தந்தியின் அடிப்படை அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்ஸ். அக்கால மேசை ரேடியோவின் சிறிய ஒலிபெருக்கி அதைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். மோதலின் ஒலியோ உயர் அதிர்வெண்கள் நிறைந்த கணநேர வெடிப்பு என்பதால் அந்த ரேடியோவிலும் தெளிவாகக் கேட்கும். தாளத்தைச் சுமந்தது இதுதான்.

இன்னொரு வித்தை எதிரொலி. தட்டின் இரண்டாம் பக்கத்தில் அதைத் தெளிவாகக் கேட்கலாம். சாம் பிலிப்ஸிடம் இரண்டு ஆம்பெக்ஸ் டேப் இயந்திரங்கள் இருந்தன. பாட்டு ஒரு நாடாவில் பதிவாகும்போதே, அதே ஒலி இரண்டாவது இயந்திரத்துக்கும் செல்லும். அதில் ஒலியைப் பதியும் ஹெட்டும், பதிந்ததைப் படிக்கும் ஹெட்டும் தனித்தனியாக, சற்று விலகி இருக்கும். நாடாவின் ஒரு புள்ளி முதல் ஹெட்டிலிருந்து அடுத்ததற்கு நகர எடுத்துக்கொள்ளும் நேரமே எதிரொலியின் தாமதம். இடைவெளி 2 அங்குலம், நாடாவின் வேகம் நொடிக்கு 15 அங்குலம் என்று கொண்டால், தாமதம் சுமார் 0.13 நொடி. அவ்வாறு பிந்திய ஒலி, சற்றுத் தணிந்த அளவில், முதல் இயந்திரத்தில் பதிவாகும் பாட்டோடு கலக்கப்பட்டது. ஒலிப்பதிவாளர்கள் இதை ஸ்லாப்பேக் என்பார்கள். (ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் கேசட் பிளேயரின் ஹெட்டைத் துடைத்தவர்களுக்கு ஒரு குறிப்பு: பெரும்பாலான வீட்டு பிளேயர்களில் பதியவும் படிக்கவும் ஒரே ஹெட்தான், அவற்றில் இந்த வித்தை பலிக்காது.)

அந்த 0.13 நொடியில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஓர் ஒலியும் அதன் நகலும் ஏறத்தாழ 30 மில்லிநொடிக்குள் அடுத்தடுத்து வந்தால், மூளை இரண்டையும் ஒன்றாகவே கேட்கும். 130 மில்லிநொடி என்பது நகல் தனியாக ஒலிக்கும் அளவுக்கு நீண்டது; எனினும் சொற்கள் குழம்பும் அளவுக்கு நீண்டதன்று. கிட்டாரின் ஒவ்வொரு மீட்டலுக்கும் பின்னால் இன்னொரு மெல்லிய மீட்டல் விழுவதால், மூவரின் இசை நான்கைந்து பேர் வாசிப்பதுபோல் நிறைகிறது. இதே தாமதம் இயற்கையாக வேண்டுமென்றால், ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்வதைக் கணக்கிட, பாடகருக்கு எதிரே ஏறக்குறைய 22 மீட்டர் தொலைவில் ஒரு சுவர் இருந்தாக வேண்டும். அந்தச் சிறிய கூடத்தில் அதற்கு இடமேது? நாடாதான் அந்தச் சுவரை எழுப்பியது.

1955 நவம்பரில் சன் நிறுவனத்திடமிருந்து எல்விஸின் ஒப்பந்தத்தைப் பெரிய இசைத்தட்டு நிறுவனமான ஆர்சிஏ வாங்கியது; ஆனால் எதிரொலியின் பக்குவம் அதோடு சேர்ந்து வரவில்லை. 1956 ஜனவரியில் நாஷ்வில்லில் ‘ஹார்ட்பிரேக் ஹோட்டல்’ பதிவானபோது, சன் தட்டுகளின் ஒலியைப் பிடிக்க முயன்ற பொறியாளர்கள் கட்டடத்தின் நடைக்கூடத்தையே எதிரொலி அறையாகப் பயன்படுத்தினர். நடைக்கூடத்தில் ஒலி பல பரப்புகளில் பட்டு, நூற்றுக்கணக்கான பிரதிபலிப்புகளாகப் பிரிந்து, வெவ்வேறு நேரங்களில் திரும்புகிறது. ஒற்றை நகல் மட்டும் வருவதற்கு அங்கே வழியில்லை. அதனால் முதல் தட்டில் சுருக்கென்று திருப்பியடித்த குரல், இந்தப் பாடலில் ஆளில்லாத தாழ்வாரத்தின் கோடியிலிருந்து வருவதுபோல் கரைந்து ஒலிக்கிறது.